பேரேட்டிலிருந்து விரிதாள் வரை: சரக்கிருப்புக் கணக்கில் பிழை தேடிய வரலாறு

நம் முன்னோர் இந்த மண்ணில் காலூன்றிய கதையைச் சொல்லும்போது, தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்காவைச் சொல்கிறோம். சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலையும் பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் சொல்கிறோம். சூலியா என்ற பெயர் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தெருப்பெயராகவே நிலைத்துவிட்டதைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். இவற்றுக்குப் பின்னால் வணிகம் இருந்தது. வணிகத்துக்குப் பின்னால் கணக்கு இருந்தது. ஆனால் பள்ளிவாசல்களின் வரலாற்றை எழுதிய அளவுக்குக் கணக்கின் வரலாற்றை நாம் எழுதவில்லை. கடை மூடியதும் கணக்குப் புத்தகங்கள் பழைய பேப்பரோடு போய்விட்டன.

இந்தப் பொன்விழா மலரில் அந்தக் குறையைச் சிறிதளவாவது நிரப்ப விரும்புகிறோம். கணக்கிலும் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறோம்: சரக்கிருப்பு. கடையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எப்போது மறுபடி வாங்க வேண்டும் என்ற கணக்கு அது. நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டுகளில் அந்தக் கணக்கு காகிதத்திலிருந்து கணினி விரிதாளுக்கு, பலரும் அறிந்த பெயரில் சொன்னால் எக்செல் தாளுக்கு, மாறிவிட்டது. கருவி மாறியபோது பிழைகளும் உருமாறின. பழைய பேரேட்டோடு கூடவே இருந்த பிழை தேடும் பழக்கம் மட்டும் புதிய கருவியோடு சேர்ந்து வரவில்லை. அந்தப் பழக்கம் எப்படி இருந்தது, எங்கே நழுவியது, அதை எப்படி மீட்பது என்பதையே இங்கே சொல்ல முயல்கிறோம்.

பேரேட்டுக் காலம்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை நாம் அறிவோம். எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும் என்பன அதில் வரும் கட்டளைகள். எழுத்தும் சாட்சியும் சேர்ந்தே கணக்கு என்ற எண்ணம் நம் வணிகர்களுக்கு அங்கிருந்தே வந்தது.

ஐரோப்பாவில் வணிகக் கணக்கு முறையை அச்சுப் புத்தகத்தில் விரிவாக எழுதியவர் லூகா பச்சோலி. 1494இல் வெனிஸ் நகரில் வெளிவந்த அவருடைய கணித நூலின் ஒரு பகுதி வணிகர்களின் இரட்டைப் பதிவு முறையை விளக்குகிறது. அவர் வணிகருக்குச் சொல்லும் முதல் வேலை, தம்மிடம் உள்ள பொருள்கள் அனைத்தையும் பட்டியலிடுவதுதான். இருப்புப் பட்டியல் எழுதிய பிறகுதான் மற்றப் புத்தகங்கள். ஆக, கணக்கின் வாசற்படியே சரக்கிருப்பு.

நம் மளிகைக் கடைகளில் நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்ற வரிசை இருந்தது. வாடிக்கையாளரின் கடனுக்கு 555 என்று அட்டையில் போட்ட சிறிய புத்தகம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை சரக்கை எண்ணும்போது ஒருவர் மூட்டைகளை எண்ணிச் சத்தமாகச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார். தவறாக எழுதிய எண்ணைச் சுரண்டி அழிப்பது நல்ல கணக்கப்பிள்ளைக்கு அழகன்று. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையொப்பமிட வேண்டும். பழைய எண்ணும் தெரிய வேண்டும், திருத்தியவர் யார் என்பதும் தெரிய வேண்டும்.

கூட்டல் பொருந்தாதபோது பிழையை மோப்பம் பிடிக்கும் வழிகளும் அவர்களிடம் இருந்தன. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், வரும் வித்தியாசம் 9ஆல் மீதமின்றி வகுபடும். 540 என்பதை 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. ஒரு சுழியம் கூடிப்போனாலும் அப்படியே: 120 என்பது 1,200 ஆனால் வித்தியாசம் 1,080, அதுவும் 9ஆல் வகுபடும். உள்ளே வந்த சரக்கை வெளியே போனதாக எழுதினால் வித்தியாசம் அந்த எண்ணின் இரு மடங்காக இருக்கும்; பாதியைத் தேடினால் பதிவு அகப்படும். இந்த எளிய சோதனைகளை இன்றைய விரிதாளிலும் அப்படியே பயன்படுத்தலாம்.

அளவை மாற்றமும் அக்காலத்துக்குரிய ஒரு பிழைக் கிடங்கு. இந்த வட்டாரத்தில் கட்டியும் பிக்குளும் வழங்கிய காலத்தில் 100 கட்டி ஒரு பிக்குள். 1970களில் மெட்ரிக் முறை கடைத்தெருவுக்கு வந்தபோது ஒரு பிக்குளை 60 கிலோ என்று எடுத்துக்கொள்வது எளிதாக இருந்தது. ஆனால் ஒரு பிக்குள் 60.479 கிலோ. 100 பிக்குள் அரிசியில் இந்தச் சிறு வித்தியாசம் ஏறக்குறைய 48 கிலோவாகிவிடும். யாரும் திருடாமலே கணக்கில் ஒரு மூட்டை கூடவோ குறையவோ செய்யும். அலகு பற்றிய இந்தப் பிழை கணினிக் காலத்திலும் நம்மைவிட்டுப் போகவில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

எவ்வளவு வாங்குவது?

இருப்பு எவ்வளவு என்று அறிவது ஒன்று. எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்வது மற்றொன்று. முன்னது எண்ணிக்கை, பின்னது மதிப்பீடு. ஒரே தடவையில் நிறைய வாங்கினால் முதல் முடங்கும், இடம் அடையும், மிளகாயில் பூச்சி விழும். அடிக்கடி கொஞ்சமாக வாங்கினால் ஒவ்வொரு தடவையும் லாரிக் கூலியும் அலைச்சலும். இவ்விரண்டு செலவுகளும் சமமாகும் அளவுதான் மலிவானது என்று 1913இல் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு தொழிற்சாலை இதழில் எழுதினார். அவருடைய சூத்திரம் இன்றும் எல்லாச் சரக்கு மேலாண்மைப் பாடங்களிலும் உள்ளது. ஓர் ஆண்டின் தேவையை ஒரு தடவை வாங்கும் செலவால் பெருக்கி, அதை இரு மடங்காக்கி, ஒரு மூட்டையை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

இந்தச் சூத்திரத்தின் வரலாற்றிலேயே ஒரு பிழைக் கதை உண்டு. 1934இல் இம்முறையைப் பற்றி எழுதிய வில்சனின் பெயரால் அதைப் பலர் அழைத்தார்கள். ஹாரிஸின் மூலக் கட்டுரையோ நெடுங்காலம் கண்ணில் படாமல் கிடந்தது. பல நூல்கள் அவருடைய பெயரைச் சொன்னாலும் வேறொரு வெளியீட்டையே ஒன்றைப் பார்த்து ஒன்று குறிப்பிட்டுவந்தன. டொனால்டு எர்லன்கோட்டர் என்ற பேராசிரியர் 1913இன் மூலக் கட்டுரையைத் தேடிப் பிடித்து 1990இல் அதன் வரலாற்றை எழுதிய பிறகே குழப்பம் தீர்ந்தது. மூலத்தைப் பார்க்காமல் பார்த்து எழுதினால் அறிஞர்களிடமும் பிழை தலைமுறைகளைக் கடந்து வரும்.

கரும்பலகையில் பிறந்த கருவி

1978இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டேன் பிரிக்லின் என்ற மாணவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டுக் கணக்கு எழுதினார். ஓர் எண் தவறு என்று தெரிந்தாலோ, ஓர் எண்ணை மாற்ற நினைத்தாலோ, அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறும் பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று பிரிக்லின் எண்ணினார். அவருடைய நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டன் அதற்கு நிரல் எழுதினார். 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் வெளிவந்தது.

விரிதாள் பிறந்ததே பிழை திருத்தும் சலிப்பிலிருந்துதான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1983இல் ஐபிஎம் கணினிக்கு லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985இல் மெக்கின்டாஷிலும் 1987இல் விண்டோஸிலும் எக்செல் வந்தது. அடுத்த தலைமுறை பள்ளிக்கூடத்திலும் பாலிடெக்னிக்கிலும் அதைப் படித்து வந்து, வாப்பாவின் பேரேட்டைக் கணினியில் ஏற்றியது. ஒரு நாள் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது.

அதில் ஒன்று கைநழுவியது. பேரேட்டில் ஒவ்வோர் எண்ணையும் கண் பார்த்து, வாய் சொல்லி, கை எழுதியது. விரிதாளில் விடை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த விடையைத் தந்த சூத்திரம் கட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. கணினி கூட்டலில் தவறு செய்யாது. எதைக் கூட்டச் சொன்னோமோ அதைத்தான் கூட்டும். நாம் தவறானதைக் கூட்டச் சொல்லியிருந்தால், தவறான விடையும் அழகாகக் கோடு போட்ட கட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

கருவி தன் பழைய பிழையைக் காலமெல்லாம் சுமப்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1900 லீப் ஆண்டு அன்று. ஆனால் லோட்டஸ் 1-2-3 அதை லீப் ஆண்டாகக் கொண்டது. லோட்டஸ் தாள்கள் தன்னிடமும் ஒத்துவர வேண்டும் என்பதற்காக எக்செல்லும் அந்தப் பிழையை அறிந்தே வைத்துக்கொண்டது. இன்றும் எக்செல்லில் 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத ஒரு நாள் இருக்கிறது. ஒரு பிழையின் மேல் பலர் வீடு கட்டிவிட்டால் பிறகு அதை இடிப்பது கடினம்.

பிழைகளை எண்ணியவர்கள்

விரிதாள் பரவிய சில ஆண்டுகளிலேயே ஆய்வாளர்கள் ஐயம் கொண்டார்கள். 1987இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரௌன், கூல்டு என்ற இரு ஆய்வாளர்கள், அனுபவமுள்ள ஒன்பது பேரை ஆளுக்கு மூன்று விரிதாள் செய்யச் சொன்னார்கள். 27 தாள்களில் 44 விழுக்காட்டில் பிழை இருந்தது. செய்தவர்களோ தங்கள் தாள் சரி என்றே நம்பினார்கள்.

ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரே பாங்கோ இத்துறையில் நீண்ட காலம் உழைத்தவர். அவரும் உடன் ஆய்வாளர்களும் பிழைகளை மூன்றாகப் பிரித்தார்கள். விரல் தவறி எண் மாறுவது கைப்பிழை. சூத்திரமே தவறாக இருப்பது கருத்துப் பிழை. சேர்க்க வேண்டியதைச் சேர்க்காமல் விடுவது விடுபாடு. இம்மூன்றில் விடுபாடுதான் கண்ணுக்கு எளிதில் தெரியாது. இல்லாத ஒன்றைப் பார்ப்பது எப்படி? 1999இல் பாங்கோ வெளியிட்ட ஒரு சோதனையில், வேண்டுமென்றே பிழை வைத்த தாளைத் தனித்தனியாகச் சோதித்தவர்கள் 63 விழுக்காடு பிழைகளையே கண்டார்கள். மூவர் சேர்ந்து பார்த்தபோது அது 83 விழுக்காடாக உயர்ந்தது. ஒருவர் சொல்ல ஒருவர் எழுதிய நம் பழைய வழக்கத்தை இந்த எண்கள் ஆதரிக்கின்றன. அதே 1999இல், விரிதாள் பிழைகளை ஆராய்வதற்கென்றே ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது.

உலகம் பார்த்த பிழையும் கடையில் வரும் பிழையும்

பெரிய இடங்களில் நடந்த மூன்று பிழைகள் நம் சிறிய கடைகளுக்கும் பாடமாகின்றன.

முதலாவது, 2012 லண்டன் ஒலிம்பிக். ஒத்திசைவு நீச்சல் போட்டிகளுக்கு 10,000 டிக்கெட்டுகள் மீதமிருந்தன. ஊழியர் ஒருவர் விரிதாளில் 20,000 என்று பதிந்துவிட்டார். இல்லாத 10,000 டிக்கெட்டுகள் விற்கப்பட்டன. வாங்கியவர்களைத் தொடர்புகொண்டு வேறு போட்டிகளுக்கு டிக்கெட் மாற்றித் தர வேண்டியதாயிற்று. இது தூய சரக்கிருப்புப் பிழை. ஓர் இலக்கம் மாறியதால் கையில் இல்லாததை விற்றார்கள். நம் கடையில் 12 பெட்டி எண்ணெய்க்குப் பதில் 21 என்று பதிந்தால், ஹரிராயா வாரத்தில் வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பொருளியல் அறிஞர்கள் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010இல் நாடுகளின் கடன் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை. 2013இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அவர்களுடைய விரிதாளையே கேட்டு வாங்கிப் பார்த்தார். 20 நாடுகளுக்கு எடுக்க வேண்டிய சராசரி, முதல் 15 நாடுகளோடு நின்றிருந்தது. ஐந்து நாடுகள் சூத்திரத்தின் எல்லைக்கு வெளியே விழுந்துவிட்டன. கட்டுரையின் முடிவைப் பற்றி வேறு வாதங்களும் எழுந்தன. இந்த விடுபாட்டை மட்டும் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். நம் கடைகளில் மிகச் சாதாரணமாக வரும் பிழையும் இதுவே. 2ஆம் வரியிலிருந்து 41ஆம் வரி வரை கூட்டச் சொல்லியிருப்போம். புதிதாக வந்த சரக்கை 42ஆம் வரியில் எழுதுவோம். மொத்தம் மாறாது, நாமும் கவனிக்கமாட்டோம்.

மூன்றாவது, 2020இல் கொரோனா பரவிய நேரம். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 நோயாளிகளின் விவரங்களை எட்டு நாள் அறிக்கைகளில் தவறவிட்டது. பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமின்றி உதிர்ந்துபோயின. அவர்களோடு பழகியவர்களுக்கு உரிய நேரத்தில் செய்தி போகவில்லை. கோப்பு நிறைந்தது என்று யாரும் மணி அடிக்கவில்லை. நம் தாள்கள் அவ்வளவு நீளமில்லை. ஆனால் விற்பனை இயந்திரத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கி இன்னொன்றில் ஒட்டும்போது, எத்தனை வரி புறப்பட்டது, எத்தனை வரி வந்து சேர்ந்தது என்று எண்ணுகிறோமா?

இவற்றோடு நம் கடைகளுக்கே உரிய சில பிழைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொள்முதலைப் பெட்டியில் எழுதுவோம், விற்பனையை டப்பாவில் எழுதுவோம்; பெட்டிக்கு 24 டப்பா என்ற பெருக்கல் நடுவில் விடுபடும். 03/04 என்று எழுதிய காலாவதி நாளை நாம் ஏப்ரல் 3 என்று படிப்போம். அமெரிக்க முறையில் அமைந்த கணினி மார்ச் 4 என்று படிக்கும். எண் போலத் தோன்றும் ஒன்று எழுத்தாகப் பதிவாகியிருந்தால் கூட்டல் அதைத் தாண்டிப் போகும். சரக்கின் பெயர்களை மட்டும் அகர வரிசைப்படுத்தி, பக்கத்து எண்களை விட்டுவிட்டால், ஏலக்காயின் இருப்பு உப்பின் மேல் உட்காரும். அவசரத்துக்குச் சூத்திரத்தின் மேல் ஒரு எண்ணைத் தட்டிவிட்டால், அந்தக் கட்டம் அதன் பிறகு என்றும் மாறாது.

கருத்துப் பிழைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கடையில் ஆண்டுக்கு 1,800 மூட்டை அரிசி விற்பதாகக் கொள்வோம். ஒரு தடவை வாங்கும் செலவு 20 வெள்ளி; ஒரு மூட்டையை ஓராண்டு வைத்திருக்கும் செலவு 5 வெள்ளி. ஹாரிஸின் சூத்திரப்படி ஒரு தடவைக்கு 120 மூட்டை வாங்க வேண்டும். ஆண்டுக்கு 15 தடவை. இரு செலவும் சேர்ந்து 600 வெள்ளி. ஆண்டுத் தேவை இருக்க வேண்டிய கட்டத்தில் மாதத் தேவையான 150ஐ எழுதிவிட்டால், விடை ஏறக்குறைய 35 மூட்டை என்று வரும். ஆண்டுக்கு 51 தடவைக்கு மேல் வாங்குவோம். செலவு 1,100 வெள்ளியைத் தாண்டும். சூத்திரம் சரி, எண்ணும் சரி, அலகு மட்டும் தவறு. கட்டிக்கும் கிலோவுக்கும் இடையே நடந்த அதே கதைதான்.

தேடுவது எப்படி?

பிழை தேடுவதை நான்கு படிகளாகச் சொல்லலாம்.

முதலில் தாளை மறந்துவிட்டுக் கிடங்குக்குப் போக வேண்டும். கையால் எண்ணிய இருப்பே சாட்சி. தாளில் உள்ளது வாக்குமூலம். எல்லாவற்றையும் ஒரே நாளில் எண்ண வேண்டியதில்லை. 1951இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபோர்டு டிக்கி என்பவர், சரக்குகளை விலைமதிப்பின்படி ஏ, பி, சி என்று பிரிக்கச் சொன்னார். ஏலக்காயும் குங்குமப்பூவும் ஏ வகை என்றால் வாரந்தோறும் எண்ணலாம்; உப்பையும் தீப்பெட்டியையும் ஆண்டுக்கு இருமுறை எண்ணினால் போதும்.

இரண்டாவதாக, சூத்திரங்களைக் கண்ணுக்குத் தெரியச் செய்ய வேண்டும். கட்டங்களில் விடைக்குப் பதில் சூத்திரத்தையே காட்டும் வசதி எக்செல்லில் உண்டு. அப்படிக் காட்டினால், ஒரே மாதிரி இருக்க வேண்டிய நெடுவரிசையில் ஒரு கட்டம் மட்டும் வேறாக இருப்பது வெள்ளைச் சட்டையில் மைக்கறை போலத் தெரியும். ஒரு கட்டம் எந்தெந்தக் கட்டங்களிலிருந்து எண்ணைப் பெறுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் வசதியும் உண்டு.

மூன்றாவதாக, விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நாளுக்கு 6 மூட்டை விற்பனை, சரக்கு வந்துசேர 10 நாள், பாதுகாப்பு இருப்பு 20 மூட்டை என்றால், இருப்பு 80க்கு இறங்கும்போது மறுபடி வாங்கச் சொல்ல வேண்டும். இதை வாயாலேயே கணக்கிடலாம். தாளும் 80 என்கிறதா? விற்பனையைச் சுழியமாக்கினால் 20 என்கிறதா? இருப்பு எங்காவது சுழியத்துக்குக் கீழே போயிருக்கிறதா? கிடங்கில் கழித்தல் குறி போட்ட மூட்டை கிடையாது. அப்படி ஓர் எண் தெரிந்தால் அங்கே ஒரு வரவு விடுபட்டிருக்கலாம், அல்லது ஒரு விற்பனை இருமுறை பதிவாகியிருக்கலாம்.

நான்காவதாக, தாளைச் செய்யாத ஒருவர் பார்க்க வேண்டும். மகன் செய்த தாளை மகளும், அண்ணன் செய்ததைத் தம்பியும் வரி வரியாகப் பார்க்கலாம். அது அவநம்பிக்கை என்று யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை. எழுத்துக்குச் சாட்சி கேட்பது நம் மார்க்கமே கற்றுத் தந்த ஒழுங்கு.

திருத்துவது எப்படி?

கண்டுபிடித்த பிழையைத் திருத்துவதிலும் ஒழுங்கு வேண்டும். எண்ணிக்கையும் தாளும் பொருந்தாதபோது, தாளின் எண்ணை மாற்றி எழுதிவிட்டு நகர்வது பலருடைய வழக்கம். அது காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் வெப்பமானியைத் துடைத்து வைப்பது போன்றது. வித்தியாசம் ஏன் வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். வெங்காயம் காய்ந்து எடை குறைந்ததா? மூட்டை கிழிந்து சிந்தியதா? திரும்பி வந்த சரக்கு பதிவாகவில்லையா? சூத்திரமே தவறா? இயற்கையான சேதாரத்துக்குத் தாளில் தனி இடம் இருந்தால், கடைப் பையன் மேல் வீண்பழி விழாது. கணக்குப் பிழை திருட்டுப் பழியாக மாறி ஒருவர் வேலையையும் மானத்தையும் இழப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

சூத்திரப் பிழை என்று தெரிந்தால், அதே சூத்திரம் வேறு எங்கெல்லாம் ஒட்டப்பட்டது என்று தேட வேண்டும். விரிதாளில் ஒரு பிழை தனியாக வாழ்வதில்லை. திருத்துவதற்கு முன் பழைய கோப்பைத் தேதியிட்டு ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். தாளின் ஓரத்தில் ஒரு திருத்தப் பக்கம் வைத்து, நாள், கட்டம், பழைய எண், புதிய எண், காரணம், திருத்தியவர் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். கணக்கப்பிள்ளை கோடு போட்டு அடித்துக் கையொப்பமிட்டதன் இன்றைய வடிவம் இதுதான். பதிவேடுகளைச் சிங்கப்பூரில் 5 ஆண்டும் மலேசியாவில் 7 ஆண்டும் வைத்திருக்க வரிச் சட்டமும் கேட்கிறது.

இனி வராமல் இருக்க, பதியும் எண்களை ஒரு தாளிலும், கணக்கிடும் சூத்திரங்களை இன்னொன்றிலும், முடிவுகளை மூன்றாவதிலும் பிரித்து வைக்கலாம். சூத்திரக் கட்டங்களைப் பூட்டலாம். ஒவ்வொரு தலைப்பிலும் அலகை எழுதலாம்: பெட்டியா, டப்பாவா, கிலோவா, மாதமா, ஆண்டா?

அமானிதக் கணக்கு

சில மூட்டை வித்தியாசத்துக்கு இவ்வளவு பாடா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுத் தொடக்க இருப்பு 40,000 வெள்ளி, வாங்கியது 200,000, ஆண்டு முடிவில் இருப்பு 50,000. விற்ற சரக்கின் அடக்கம் 190,000. விற்பனை 240,000 என்றால் மொத்த லாபம் 50,000. முடிவு இருப்பு தவறாக 60,000 என்று தாளில் வந்துவிட்டால், ஒரு காசுகூட அதிகம் சம்பாதிக்காமலே லாபம் 60,000 ஆகிவிடும். அந்த லாபத்தைப் பங்காளிகள் பிரித்து எடுத்துக்கொண்டால், உண்மையில் எடுப்பது லாபத்தை அன்று, முதலை. அடுத்த ஆண்டு அதே பிழை திரும்பி வந்து லாபத்தில் 10,000ஐக் குறைக்கும். அப்போது பங்காளிகளுக்குள் முகம் திரும்பும். உடன்பிறந்தவர்களுக்குள் பேச்சு அறும்.

வணிகச் சரக்கு ஜகாத்துக்குரியது. அதன் அளவு 2.5 விழுக்காடு. சரக்கு 10,000 வெள்ளி குறைவாகக் காட்டப்பட்டால் ஏழையின் பங்கு 250 வெள்ளி குறைந்துவிடும். ஜகாத்தின் ஆண்டு சந்திர ஆண்டு. அது சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. கடைத் தாள் ஆங்கில மாதத்தில் ஓடுவதால் ஜகாத் நாளின் இருப்பைத் தனியாகக் குறித்து எடுக்க வேண்டும். குடும்பத் தலைவர் மறைந்த பின் வாரிசுகளுக்குச் சொத்துப் பிரியும்போதும், கடையின் சரக்கு எவ்வளவு என்பதே முதல் கேள்வியாக வரும். ஏழையின் பங்கும், விதவையின் பங்கும், அனாதையின் பங்கும் அந்தக் கட்டங்களுக்குள் இருக்கின்றன. அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டித்து ஒரு தனி அத்தியாயமே திருக்குர்ஆனில் இருக்கிறது. வேண்டுமென்று செய்யும் மோசடிக்கும் அறியாமல் வரும் பிழைக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் தேடிப் பார்க்கும் வழி கையில் இருந்தும் தேடாமல் விடுவதை அறியாமை என்று சொல்லித் தப்ப முடியாது.

நம் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய பேரேடோ 555 புத்தகமோ எஞ்சியிருந்தால் எறிந்துவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளிடம் காட்டி, எப்படி எழுதினோம், எப்படிச் சரிபார்த்தோம் என்று சொல்லுங்கள். இளையவர்களுக்கும் ஒன்று. உங்கள் விரல் வேகம் எங்களுக்கு மகிழ்ச்சியே. மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் தாளை விட்டு எழுந்து, ஒரு பெரியவரையும் உடன் அழைத்துக்கொண்டு கிடங்கில் பத்துச் சரக்குகளை எண்ணிப் பாருங்கள். ஒருவர் சொல்லட்டும், ஒருவர் எழுதட்டும். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இன்னும் என்னென்ன கருவிகள் வருமோ நாம் அறியோம். அவற்றிலும் எண் நேர்மையாக இருக்க, பார்ப்பவர் கண் விழித்திருக்க, வல்ல இறைவன் அருள்புரிவானாக.